எவர்சில்வர் குடம் தராத வருஷம்

செங்கல்வராயன் சித்திரை மாதத்திலும் குடையோடுதான் வெளியே கிளம்புவார். வெயிலுக்காக என்று நினைத்தால் தவறு. வெயிலில் அவர் அதை விரிப்பதே இல்லை. திடீரென்று மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக. மழைக்காலத்தில் அதே குடையை எடுத்துப்போக யோசிப்பார். காற்றில் அது திருப்பிக்கொண்டு கம்பி யார் கண்ணிலாவது குத்திவிட்டால்?

பூஞ்சேரியில் ஒரு சலவை நிலையத்தில் அவர் மேற்பார்வையாளர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நீச்சல் குளத்துத் துண்டு எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். அழுக்காக வருவது வெள்ளையாகப் போகிறது என்று மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். வெள்ளையாகப் போவது அழுக்காகத்தானே திரும்பி வருகிறது என்பார் அவர். பாய்லர் சத்தம் போட்டால் வெடிக்கப் போகிறதோ என்று பயம். சத்தம் நின்றால் அதைவிடப் பயம். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையைப் பேருந்தில் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். கடல் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதாக அவர் மனைவி வேண்டா சொல்வாள்.

வேண்டா, நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதாகப் பிறந்ததால் அந்தப் பெயரைச் சுமப்பவள். வீட்டில் எது வாங்க வேண்டும், எது கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பவளும் அவள்தான். கணவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் அவள் சொல்லும் கதை ஒன்று உண்டு: "தாலி கட்டசொல்லோ மூணு முடிச்சு போட்டாரு. அப்பால அவுந்துடுமோன்னு நாலாவதா ஒண்ணு போட்டாரு. ஐயரே சிரிச்சிட்டாரு."

இப்படிப்பட்டவர்தான் ஒன்பது வருஷமாகப் பூஞ்சேரி வட்டாரத் தொழிலாளர் சிக்கன நாணயச் சங்கத்தின் தலைவர்.

அவரைத் தலைவராக்கியதில் பெரிய ரகசியம் இல்லை. முந்தைய தலைவர், மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அடுத்து யார் என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டும் கோதண்டராமன்தான் எழுந்து சொன்னான்: "டப்புக்கு காவலா தைரியசாலிய போடாதீங்க. எடுத்துகினு பூடுவான். இருக்கறதுலயே பயந்த ஆளா பாத்து போடுங்க." நானூறு பேரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். செங்கல்வராயன் அப்போது, மண்டபத்தின் மின்விசிறி தலையில் விழுந்துவிடாத இடமாகப் பார்த்து நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் வேலை எளிமையானது. சலவைக்காரர்கள், விடுதித் தோட்டக்காரர்கள், அறை துடைப்பவர்கள், சமையல் கட்டில் நிற்பவர்கள், ஆட்டோக்காரர்கள் என்று உறுப்பினர்கள். மாதம் பிறந்தால் ஆளுக்கு முந்நூறு ரூபாயாவது கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்தே அவர்களுக்குள் கடன். வெளியே ஐந்து வட்டி, பத்து வட்டி என்று ஓடும்போது, இங்கே நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய்கூட முழுசாக வராது. நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். சங்கத்திலேயே இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும். கடன் தீரும்வரை ஜாமீன்தாரரின் சேமிப்பு சங்கத்தைவிட்டு அசையாது. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் அதிலிருந்துதான் கழிப்பார்கள்.

ஆகவே அங்கே எல்லோரும் யாரோ ஒருவருக்கு ஜாமீன். ஊர்க்காரர்கள் காலனிக்காரர்களுக்கு, காலனிக்காரர்கள் ஊர்க்காரர்களுக்கு. ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கும் மனிதர்கள், ஒருவர் கடனுக்கு ஒருவர் தயங்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதை யாரும் சீர்திருத்தம் என்று நினைக்கவில்லை. வட்டி குறைவு, அவ்வளவுதான்.

ஒரே ஒருவர் மட்டும் யாருக்கும் ஜாமீன் போட்டதில்லை. தலைவர் போடக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. அது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. கடனும் வாங்கியதில்லை. சொந்த வீட்டைப் பாதிச் சுவரோடு இரண்டு வருஷம் நிறுத்திவைத்தாரே தவிர, சங்கத்தில் மனு கொடுக்கவில்லை. கடன் கொடுக்கவும் பயந்து வாங்கவும் பயந்த ஒருவரைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கடன் சங்கம் ஒன்பது வருஷம் நன்றாகவே நடந்தது.

போன வருஷம்வரை.

சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை பேரவைக் கூட்டம் நடக்கும். வரவு செலவு வாசிப்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் சாமான் கொடுப்பார்கள், சங்கத்தின் பெயரும் வருஷமும் வெட்டி. ஒரு வருஷம் சம்படம், ஒரு வருஷம் தூக்கு, ஒரு வருஷம் குடம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தாலும், அவர்கள் எந்த வருஷம் சங்கத்தில் சேர்ந்தார்கள் என்பதைப் பாத்திரமே சொல்லிவிடும். பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது சங்கத்துக் குடத்தை முன்வரிசையில் வைத்தவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால், பாத்திரத்தின் விலை உறுப்பினர்களின் சொந்த லாபத்திலிருந்துதான் போனது. தன் காசில் தானே வாங்கிய குடத்தை மாலை போடாத குறையாகக் கையில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மேரி சலவை நிலையத்தின் பின்வாசலுக்கு வந்தாள். மேரி ஒரு விடுதியில் ஊழியர் சமையலறையில் சமைப்பவள். அவள் கணவர் தாவீதின் லோடு ஆட்டோதான் விடுதிகளிலிருந்து துணி மூட்டைகளைச் சலவைக்குக் கொண்டுவரும்.

"அண்ணா, ஒரு விசயம்."

"வண்டி எங்கனா இட்ச்சிகிச்சா?" என்றார் செங்கல்வராயன்.

"இடிக்கல. தூக்கினு பூடுவாங்களாம்."

மூட்டை இறக்கும்போது சறுக்கி விழுந்து தாவீதின் கால் முறிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வண்டிக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர்களுக்குத் தவணை நின்றது. தவணைக்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. முதலில் போனில் பேசினார்கள். பிறகு வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். கடைசியாக ஒரு தேதி சொன்னார்கள்: பேரவைக் கூட்டம் முடிந்து வரும் சனிக்கிழமை. அதற்குள் எழுபதாயிரம் கட்டிக் கணக்கை முடிக்காவிட்டால் வண்டி அவர்களுடையது.

"வண்டி பூட்டா அவுரு எழுந்து நடந்து இன்னா பண்ணப் போறாரு?" என்றாள் மேரி. "சங்கத்துல குடுத்தா, மாசா மாசம் என் சம்பளத்துல பிடிச்சிக்கட்டும். ஜாமீனுக்கு ஆள் கீது. எங்கூட வேல செய்யற ஜோதிலட்சுமி அக்கா போடறேன்னாங்க. கோதண்டராமண்ணனும் போடறேன்னாரு."

செங்கல்வராயன் கணக்குப் பார்த்தார். அந்த மாதம் கடனுக்கென்று இருந்த தொகை தீர்ந்துவிட்டிருந்தது. கையில் மிச்சம் இருந்தது குடம் வாங்க ஒதுக்கிய பணம். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது நாள் சங்க அலுவலகத்துக்குப் போய், அங்கே கணினி முன்னால் உட்காரும் ஹரிப்ரியாவிடம் சொன்னார்.

"இந்த வருஷம் குடம் வாணாம்மா. அந்த டப்ப கடனா குடுத்துடலாம்."

ஹரிப்ரியா செங்கல்பட்டில் பட்டப் படிப்பு படித்த பெண். சங்கத்தில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள். அவள் கணினியிலிருந்து திரும்பினாள். "குடம் இல்லாம கூட்டமா சார்?"

"சிக்கன சங்கம்னு போர்டு வச்சிகினு குடத்துக்கு லட்ச ரூபா செலவு பண்றது நியாயமா?"

"நியாயம் இல்ல சார். ஆனா பழக்கம்."

"வெறுங்கையா அனுப்ப வாணாம். துணிப்பை ஒண்ணு குடுக்கலாம். பிளாஸ்டிக் ஒழிப்பும் ஆச்சு."

பேரவையில் வாசித்த பிறகுதான் அந்தப் பணத்தைத் தொட முடியும் என்பதால், கூட்டம் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை வரும்படி மேரிக்குச் சொல்லி அனுப்பினார். ஒன்பது வருஷத்தில் அவர் பயப்படாமல் எடுத்த முதல் முடிவு அது.

பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்தபோது வழக்கம்போல யாரும் கேட்கவில்லை. முடிந்ததும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு லட்டும், சங்கத்தின் பெயர் அச்சடித்த மஞ்சள் துணிப்பையும் கிடைத்தது. முதலில் வாங்கியவர்கள் பைக்குள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து உதறினார்கள். பின்னால் நின்றவர்கள், குடம் தனியாகத் தருவார்கள் என்று நம்பி மண்டப வாசலில் வெகுநேரம் நின்றார்கள்.

கோதண்டராமன் பையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இன்னிக்கி மஞ்சப்பை. நாளைக்கி மஞ்ச கடுதாசி," என்றான்.

திவாலானவன் கொடுக்கும் நோட்டீசுக்கு ஊரில் அதுதான் பெயர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கோதண்டராமனின் ஷேர் ஆட்டோ கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஓடுவது. போகும் சவாரியில் செய்தி, சங்கத்தில் குடம் தரவில்லை என்பதாக இருந்தது. திரும்பும் சவாரியில் சங்கத்தில் பணம் இல்லை என்று ஆகியிருந்தது. அடுத்த சவாரியில் செங்கல்வராயன் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் அது எட்டாவது மாடிக்கு ஏறியிருந்தது. லிப்டில் ஏறப் பயந்து ஆஸ்பத்திரியில் நாலு மாடி படியில் ஏறியவர் அவர் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"எட்டாவது மாடியாமே," என்றாள் வேண்டா, சோறு போட்டுக்கொண்டே. "பால்கனி கீதா?"

"நீயுமா?"

"இன்னா நானுமா? தண்ணி குழாயாண்ட நிக்கறவளுங்க கேக்கறாளுங்க. ஆமா, கடல் தெரியும், நீ வந்து பாருன்னு சொல்லிட்டு வந்தேன். வேற இன்னா சொல்றது?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

திங்கட்கிழமை அலுவலகம் திறப்பதற்கு முன்பே ஒன்பது பத்துப் பேர் நின்றார்கள். சேமிப்பைத் திருப்பிக் கேட்டு வருவது அந்தச் சங்கத்தில் அபூர்வம். கல்யாணம், சாவு என்று ஏதாவது காரணம் சொல்லி, கூச்சத்தோடு வருவார்கள். அன்றைக்கு எல்லோர் வீட்டிலும் திடீரென்று கல்யாணம் கூடிவந்திருந்தது. கடனும் இல்லாமல் ஜாமீனும் போடாமல் இருந்த சிலருக்கு ஹரிப்ரியா பணம் கொடுத்தாள். வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டாள்.

"கையில குடும்மா. செல்லுல வர்ற காச எண்ணிப் பாக்க முடியாது," என்றார் ஒருவர்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் பெட்டியில் இருந்த ரொக்கம் தீர்ந்தது. மேரிக்கென்று எடுத்துவைத்ததும் அதில் போயிற்று. அந்தக் கணத்தில் ஹரிப்ரியா சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னாள். அதைத் தவிர வேறு எதுவும் அவளால் சொல்லியிருக்கவும் முடியாது.

"நாளன்னிக்கி வாங்க."

பணம் கொடுக்கும் இடத்தில் இதைவிடப் பயங்கரமான வார்த்தை கிடையாது.

சாயங்காலம் மேரி சலவை நிலையத்துக்கு வந்தாள். அவளுக்கும் செய்தி போயிருந்தது.

"அண்ணா, குடத்துக் காசதான் எனக்குன்னு வச்சிருந்தீங்களா?"

செங்கல்வராயன் ஒரு தலையணை உறையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"எனக்கு குடம் குடுத்திருந்தாகூட வாங்கினு போயிருப்பேன்," என்றாள் மேரி. "வெள்ளிக்கிழம வரட்டுமா, வாணாவா? அதமட்டும் சொல்லுங்க. வாணான்னா நான் மீட்டர் வட்டிக்காரங்கிட்ட போவணும். வண்டிய இவங்கிட்டேந்து மீட்டு அவங்கிட்ட குடுக்கற கததான். ஆனா சனிக்கிழம தாண்டிடும்."

"வா," என்றார். மடித்த உறையை அழுக்கு மூட்டையில் போட்டார்.

இரண்டு பக்கமும் இடித்தது. வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்தால் மேரிக்கு இருக்காது. மேரிக்குக் கொடுத்தால் வரிசைக்கு இருக்காது. ஒப்புக்கொண்ட கடனைச் சங்கம் நிறுத்திவிட்டது என்று வெளியே தெரிந்தால், வதந்தியை நம்பாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள். இந்த மூன்றையும் அவர் இரவெல்லாம் மாற்றி மாற்றி யோசித்தார். எந்த வரிசையில் யோசித்தாலும் கடைசியில் சங்கத்தின் கதவுக்குப் பூட்டுப் போட வேண்டியிருந்தது.

புதன்கிழமை குடையும் மஞ்சள் பையுமாகச் செங்கல்பட்டுக்குப் பேருந்து ஏறினார். ஹரிப்ரியாவும் கூட வந்தாள். அங்கே ஒரு வங்கியில் சங்கத்தின் வைப்புத்தொகை இருந்தது, ஆபத்துக்கு என்று. ஒன்பது வருஷமாக எந்த ஆபத்தும் அதைத் தொடும் அளவுக்குப் பெரியதாக அவருக்குத் தோன்றவில்லை. பயந்தவர்களுக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு: இன்னும் பெரியது வரும் என்று காத்திருப்பார்கள்.

"முதிர்வுக்கு முன்னாடி உடைச்சா வட்டி குறையும், பரவாயில்லையா?" என்று கேட்டார் மேலாளர்.

"எனக்கே உடம்பு குறைஞ்சிகினு வருது சார். குடுத்துடுங்க," என்றார் செங்கல்வராயன்.

திரும்பும் பேருந்தில் கூட்டம். ஹரிப்ரியாவுக்கு முன்னால் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. பணத்தை மஞ்சள் பையில் போட்டு, மேலே பழைய செய்தித்தாளைத் திணித்து, மடியில் வைத்து, அதன்மேல் குடையைக் குறுக்கே வைத்திருந்தார். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஒரு அம்மாள், இடமில்லாமல், "கொஞ்சம் பிடிங்க" என்று தன் கத்தரிக்காய்க் கூடையை அதன்மேல் வைத்துவிட்டாள். அவர் மறுக்கவில்லை. கத்தரிக்காயைத் தாண்டித் திருடுகிறவன் வரமாட்டான் என்று பட்டது. அந்த அம்மாள் இறங்கும்போது, "இன்னா பெரியவரே, இப்படி வேர்க்குது? உடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சங்கம் கொடுத்த மஞ்சள் பையில் காசு இருக்கும் என்று நம்ப இப்போது அந்த வட்டாரத்தில் ஆளே இல்லை.

வியாழக்கிழமை வரிசை சாலைவரை வந்துவிட்டது. முன்னால் நின்றது கோதண்டராமன். அவனுக்குப் பின்னால் விடுதித் தோட்டக்காரன் ஜெரோம். ஜெரோமுக்குப் பின்னால் இரவுக் காவலாளி சடையப்பன். மூன்று பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் வந்திருந்தார்கள்.

ஹரிப்ரியா கணினியைப் பார்த்தாள். "கோதண்டராமண்ணா, நீங்க எடுக்க முடியாது. ஜெரோமுக்கு ஜாமீன் போட்டிருக்கீங்க."

கோதண்டராமன் திரும்பினான். "டேய், கடன கட்டுடா. நான் காச எடுக்கணும்."

"என் சேமிப்ப எடுத்துதான் கட்டணும்," என்றான் ஜெரோம். "எம்மா, என்னுத எடும்மா மொதல்ல."

"நீங்க சடையப்பண்ணனுக்கு ஜாமீன்."

ஜெரோம் திரும்பினான். சடையப்பன் பின்னால் திரும்ப வேண்டியிருக்கவில்லை. அவர் நேராகக் கோதண்டராமனைப் பார்த்தார்.

"என்னா மொறைக்கற?" என்றான் கோதண்டராமன்.

"உன் ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் கட்ட கடன் வாங்கினியே, யார் கையெழுத்துப் போட்டது?" என்றார் சடையப்பன். "நீ கட்டு. நான் எடுக்கறேன். அப்பால அவன் எடுக்கட்டும். அப்பால நீ எடு."

"நான் எடுத்தாதாண்டா கட்ட முடியும்!"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசையில் கொஞ்ச தூரம் போயிற்று. போன இடமெல்லாம் ஆட்கள் பக்கத்து ஆளைப் பார்த்து, நீ யாருக்கு, நான் யாருக்கு என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்க, பிரிக்க முடியாதபடி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆனால் இது யாருக்கும் ஆறுதலாக இல்லை. கட்டிப்போட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றிற்று. சிரிப்பு அடங்கிய இடத்தில் சத்தம் ஏறியது.

"அப்ப எங்க காசு எங்க கீது?" கோதண்டராமன் மேஜையைத் தட்டினான். "தலைவரே, நீங்க சொல்லுங்க. எங்க கீது?"

செங்கல்வராயன் மஞ்சள் பையை அணைத்தபடி மூலையில் நின்றிருந்தார். "உங்கிட்டதாம்ப்பா கீது," என்றார். "ஆட்டோ இன்சூரன்சா கீது. சடையப்பன் வூட்டு கூரையா கீது. ஜெரோம் தங்கச்சி கல்யாணத்துல பாதி அதுதான். மிச்சம் இந்தப் பையில கீது."

"பேச்செல்லாம் வாணாம். உங்களுக்கு பயமா கீதா, இல்லியா?"

"பயமாதான் கீது."

பொய் சொல்லியிருந்தால் அங்கேயே கலவரம் ஆகியிருக்கும். ஆனால் உண்மையும் நல்லதாகப் படவில்லை. முன்னால் நின்றவர்கள் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

மேரி வந்தது அப்போதுதான். வெள்ளிக்கிழமை வரச் சொன்னதை நம்பி வீட்டில் உட்கார முடியாமல், ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். கையில் கடன் மனு. ஜோதிலட்சுமியின் கையெழுத்து அதில் இருந்தது. இரண்டாவது இடம் காலி. அவள் நேராகக் கோதண்டராமனிடம் போனாள்.

"அண்ணாத்த, போடறேன்னு சொன்னீங்களே."

கோதண்டராமன் மனுவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். "அப்ப சொன்னேன். இப்ப ஒரு இடத்துல மாட்டிகினதே போதும் தாயே. வேற யார்னா பாரு."

மேரி வரிசையைப் பார்த்தாள். வரிசை செருப்புகளைப் பார்த்தது. ஜெரோம் அவளுக்குத் தூரத்துச் சொந்தம். அவனும் செருப்பைத்தான் பார்த்தான். மேரி மனுவை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். எங்கே போகிறாள் என்று செங்கல்வராயனுக்குத் தெரியும். மீட்டர் வட்டிக்காரனின் கடை இரண்டு தெரு தள்ளி.

"மேரி, இங்க குடு," என்றார்.

மனுவை வாங்கி மேஜைமேல் வைத்துக் கையால் நீவினார். முதலிலிருந்து படித்தார். அவர் அச்சடிக்கச் சொன்ன மனுதான் அது. இருந்தும் இரண்டு முறை படித்தார். அவருடைய இருபத்திரண்டு வருஷச் சேமிப்பும் சங்கத்தில்தான் இருந்தது. வெளியே எங்கேயும் போட அவருக்குத் தைரியம் இல்லை.

"தாவீது கால் எப்படி கீது?"

"நடக்கறாரு அண்ணா. கட்டு பிரிச்சாச்சு."

"எந்தக் கால்? பிரேக் மிதிக்கற காலா?"

"இல்ல. மத்த கால்."

"டாக்டரு வண்டி ஓட்டலாம்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"அண்ணா!" என்றாள் மேரி.

செங்கல்வராயன் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை. ஹரிப்ரியா வேறு பேனா கொடுத்தாள். மறுபடி போட்டார். கொஞ்சம் கோணலாக விழுந்தது. ஆனால் விழுந்துவிட்டது.

ஹரிப்ரியா மஞ்சள் பையிலிருந்து எண்ணி மேரியிடம் கொடுத்தாள். பையில் அதற்குமேல் அதிகம் இல்லை என்பது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்து என்ன ஆகும் என்று தெரியாமல் அவள் வரிசையைப் பார்த்தாள்.

வரிசை செங்கல்வராயனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நைனா," என்றார் சடையப்பன், யாரிடம் என்றில்லாமல். "இந்த மனுசன் தண்ணிய காய்ச்சி ஆற வச்சி வடிகட்டி, அப்பால மோந்து பாத்துட்டு குடிக்கறவரு. ஜாமீன் போடறாரு."

"பயமா கீதுன்னாரே," என்றான் ஜெரோம்.

"பயந்துகினே போட்டாருடா. அத்தான் சொல்றேன். சங்கம் பூடும்னா இந்நேரம் மொத ஆளா எடுத்துகினு போயிருப்பாரு. மாட்டிகினு நிக்கறாரு பாரு."

கோதண்டராமன் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வெளியே போனான். அவன் ஆட்டோவில் வந்தவர்களுக்கு வேறு வண்டி கிடையாது, அவர்களும் போனார்கள். யாருக்கும் திடீரென்று நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மதிய வெயில் ஏறியிருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. விடாப்பிடியாக நின்ற நாலைந்து பேருக்கு ஹரிப்ரியா மிச்சத்தைக் கொடுத்தனுப்பினாள். கடைசியாக வந்த ஒரு கிழவர் சேமிப்பை எடுக்கவில்லை. கூட்டத்துக்கு வர முடியவில்லை, மஞ்சள் பை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மேரி பைனான்ஸ் அலுவலகத்தில் பணத்தைக் கட்டி, ரசீதைப் படம் எடுத்துச் செங்கல்வராயனுக்கு அனுப்பினாள். ரசீதில் முத்திரை சரியாக விழவில்லை என்று அவர் அரைமணி நேரம் கவலைப்பட்டார். பிறகு அவளையே மறுபடி அனுப்பி இன்னொரு முத்திரை வாங்க வைத்தார். மாதக் கடைசிக்குள், எடுத்துப்போனவர்களில் பாதிப் பேர், கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து கட்டினார்கள். ஹரிப்ரியா யாரிடமும் யார் கல்யாணம் என்று கேட்கவில்லை.

கோதண்டராமன் ஒருநாள் பூஞ்சேரி கூட்டுரோட்டில் ஆட்டோவை ஓரம் கட்டினான். "தலைவரே, இந்த வருசம் பூடுச்சு, அது போவட்டும். அடுத்த வருசம் இன்னா? குடமா, குக்கரா?"

"குக்கரா?" என்றார் செங்கல்வராயன். "வெடிச்சிட்டா?"

"அப்ப குடம்," என்றான் கோதண்டராமன் திருப்தியாக, ஆட்டோவைக் கிளப்பினான். அந்தச் செய்தி கேளம்பாக்கம் போய்ச் சேரும்போது அண்டாவாக ஆகியிருந்தது.

செங்கல்வராயனின் கவலை குறைந்தது என்று சொல்ல முடியாது. முன்பு அது உலகம் முழுக்கப் பரவலாக இருந்தது; பாய்லர், மின்விசிறி, கடல் என்று. இப்போது எல்லாம் சேர்ந்து மூன்று சக்கரத்தில் வந்து நின்றுவிட்டது. தாவீது துணி மூட்டை இறக்க வரும்போதெல்லாம் அவர் வெளியே வந்து டயரைக் காலால் உதைத்துப் பார்க்கிறார். என்ஜினில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்கிறார். காலை நீட்டி மடக்கச் சொல்கிறார்.

"அண்ணா, தவண ஒரு மாசம்கூட தவறல," என்றார் தாவீது ஒருநாள். "நீங்க ஒதைக்கற ஒதையிலதான் டயரு தேயுது."

"வேகமா போவாதப்பா."

"நாப்பதுக்கு மேல இந்த வண்டி போனதே இல்லண்ணா."

"நாப்பதா?" என்றார் செங்கல்வராயன்.

தாவீது வெள்ளைத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். செங்கல்வராயன் வாசலிலேயே நின்று பார்த்தார். வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இடது பக்கம் திரும்பும் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே போயிற்று. பின்னால் ஒரு லாரி வேறு. அவர் குடையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு சாலையோரமாக ஓடினார், "லைட்டு! லைட்டு!" என்று கத்திக்கொண்டே. சலவை நிலையத்துக்காரர்கள் ஜன்னலில் வந்து நின்று பார்த்தார்கள். தாவீது கண்ணாடியில் அவரைப் பார்த்தார். நிறுத்தவில்லை. கையை வெளியே நீட்டி ஒருமுறை ஆட்டிவிட்டு, விளக்கை அணைத்தார்.